பாப்பம்மாளின் ஒரு பிகில்

எழுபத்தொன்று. இந்த எண்ணை முதலில் மனதில் வையுங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

வடக்குப்பட்டுக்கு மேற்கே இருக்கும் கல்குவாரியில் இருபத்துமூன்று வருஷம் பிகில் ஊதிய பாப்பம்மாள் போன மாதம் வேலையிலிருந்து நின்றார். எங்கள் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நான் சங்கத் தலைவன், நோட்டீஸ் எழுதிப் பழகியவன். கண்டித்து எழுது என்றால் அரை மணி நேரத்தில் தருவேன். ஒருவருக்கு நன்றி சொல்லி எழுதியதில்லை. இருந்தாலும் இதை வேறு யாரிடமும் விட மனமில்லை. ஏனென்றால் இந்த அம்மாளின் வேலையை என் பேனா ஒருமுறை பறிக்கப் பார்த்தது. காப்பாற்றிக்கொண்டது அவர் வாய்தான்.

பிகில் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டு ஊதுகிற பித்தளைச் சாமான்தான். படித்தவர்கள் விசில் என்கிறார்கள். போலீஸ்காரர் வைத்திருப்பதும் அதுதான், பஸ் கண்டக்டர் வைத்திருப்பதும் அதுதான். சென்னைப் பட்டணத்தில் பிகில் என்ற சொல் முன்பே இருந்திருக்கும். எங்கள் குவாரிக்கு அதைக் கொண்டுவந்தவர் யாகப்பன்.

யாகப்பன் மண்ணூர்க்காரர். யுத்தக் காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். 1956-இல் குவாரி திறந்தபோது பாறைக்கு வெடி வைக்கும் வேலைக்கு வந்தார். வரும்போது நிஜமான பியூகிள் ஒன்றைக் கொண்டுவந்தார். பட்டாளத்தில் காலையில் ஆட்களை எழுப்ப ஊதுவார்களே, அந்தக் குழல். எங்கே கிடைத்தது என்று கேட்டால் நல்ல நாளில் பர்மா என்பார். கோபத்தில் இருந்தால் மூர் மார்க்கெட் என்று ஒப்புக்கொள்வார். வெடி வைக்குமுன் அதை எடுத்து ஊதுவார். ஆட்கள் குழியைவிட்டு மேலே வருவார்கள்.

பியூகிள் என்ற பெயர் எங்கள் ஆட்கள் வாயில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

"பிகிலு இல்லடா, பியூகிள்" என்று யாகப்பன் திருத்துவார்.

"ஆமாண்ணா, அதான் சொல்றேன், பிகிலு" என்பார்கள்.

அவரும் விட்டுவிட்டார். பிறகு அவரே பிகில் என்று சொல்ல ஆரம்பித்தார்.

1963-இல் ஒரு கல்துண்டு பறந்து வந்து யாகப்பனின் முன்பல் இரண்டைக் கொண்டுபோனது. பல் இல்லாமல் பிகில் பேசவில்லை. குவாரியில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராக வாங்கி ஊதிப் பார்த்தார்கள். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, காற்றைத் தவிர ஒன்றும் வரவில்லை. பாப்பம்மாள் அப்போது மேலே வெயிலில் உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"குடு இப்டி. ஒங்க மூச்செல்லாம் பீடியிலயே பூட்சி."

வாங்கி ஊதினார். ஏரிக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமைகள் தலையைத் தூக்கின. யாகப்பன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"இன்னாம்மா, எங்க கத்துக்கின?"

"ஈர வெறகுல சோறாக்கிப் பாருண்ணா, தானா வரும்."

அன்றிலிருந்து ஊதுவது பாப்பம்மாள், வெடி வைப்பது யாகப்பன். மூச்சு மட்டும் இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. அவர் வேறு ஒன்றையும் கொண்டுவந்தார். அதுவரை குவாரியில் வழக்கம் என்னவென்றால், ஊதி முடித்ததும் யாகப்பன் "எல்லாரும் வந்தாச்சா?" என்று கத்துவார். யாரோ ஒருவன் "வந்தாச்சு" என்பான். திரியைக் கொளுத்துவார்கள். முதல் நாளே பாப்பம்மாள் அதற்கு ஒப்பவில்லை.

"வந்தாச்சான்னு கேட்டா, வராதவன் எப்டிண்ணா பதில் சொல்லுவான்?"

ஏழு வருஷமாக அந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். பாதுகாப்பு கேட்டு அந்த ஏழு வருஷத்தில் நான் எத்தனையோ நோட்டீஸ் அடித்திருக்கிறேன்.

பள்ளிக்கூடம் போகாதவர் பாப்பம்மாள். ஆனால் காலையில் குழிக்குள் இறங்கும் தலைகளை விரல் கணுக்களில் எண்ணிவிடுவார். வெடி நேரத்தில் மேலே ஏறி வரும் தலைகளை மறுபடி எண்ணுவார். இரண்டும் பொருந்த வேண்டும். அதற்காக அவர் போட்ட சட்டம் இது. முதல் பிகில் ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மேலே வா. இரண்டாவது ஊதினால் திரியைக் கொளுத்தலாம். மூன்றாவது ஊதினால் வெடித்து முடிந்தது, இறங்கலாம். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால், எங்கே இருக்கிறாயோ அங்கேயே தரையோடு படு.

1966-இல் ஒரு லாரி பின்னால் வந்து பியூகிள் மேல் ஏறிவிட்டது. அப்பளம்தான். கம்பெனி அதற்குப் பதிலாகப் பித்தளை விசில் ஒன்று வாங்கிக் கொடுத்தது. இரண்டு நாள் ஆட்கள் அதை விசில் என்று மரியாதையாகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அதுவும் பிகில் ஆகிவிட்டது. சாமான் மாறியது, பெயர் மாறவில்லை. அடுத்த வருஷம் யாகப்பன் வேலையிலிருந்து நின்றார், வெடி வேலை ஏசுதாஸ் கைக்கு வந்தது.

இனி அந்த எழுபத்தொன்று.

1973, பிப்ரவரி. பகல் பன்னிரண்டரை. காலையில் குழிக்குள் இறங்கியவர்கள் எழுபத்திரண்டு பேர். பாப்பம்மாள் முதல் பிகில் ஊதினார். ஆட்கள் ஏறி வந்தார்கள். எண்ணினார். எழுபத்தொன்று. இரண்டாவது பிகிலை ஊதாமல் நின்றார்.

சூப்பர்வைசர் தணிகாசலத்துக்கு அவசரம். ஒரகடம் ரோட்டிலிருந்து லாரிகள் வரிசையாக வந்து நின்றுகொண்டிருந்தன.

"இன்னாம்மா, நின்னுக்கினே தூங்கறியா? ஊது."

"ஒரு ஆளு கம்மி சார்."

"எவனாவது ஒதுங்கப் போயிருப்பான். ஊதுன்னா ஊது."

"எவன்னு தெரியாம ஊத மாட்டேன் சார்."

தணிகாசலம் திரும்பி ஏசுதாசைப் பார்த்தார். "நீ கொளுத்துடா."

ஏசுதாஸ் பாப்பம்மாளைப் பார்த்தான். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஏசுதாசுக்குச் சின்ன வயது, வேலை நிரந்தரம் ஆகவில்லை. கொளுத்திவிட்டான்.

திரி எரிந்து முடிய இரண்டு நிமிஷம் ஆகும். பாப்பம்மாள் பிகிலை வாயில் வைத்தார். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே குழியின் சரிவில் இறங்கி ஓடினார். உள்ளே கன்னியப்பன் இருந்தான். அன்றைக்குத்தான் புதுத் தூக்குச்சட்டி கொண்டுவந்திருந்தான். அதன் மூடி உருண்டு பாறை இடுக்கில் விழுந்துவிட, அதைக் குச்சி விட்டு எடுத்துக்கொண்டிருந்தான். முதல் பிகில் கேட்டும், இரண்டாவது வருவதற்குள் போய்விடலாம் என்று இருந்துவிட்டான். விடாமல் ஊதும் சத்தம் கேட்டதும் பாறைக்குப் பின்னால் குப்புற விழுந்தான். பாப்பம்மாளும் பாதிச் சரிவில் படுத்தார். வெடித்தது. கன்னியப்பனின் இடது கை முறிந்தது. உயிர் இருந்தது. பாப்பம்மாள் முதுகில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

மூன்றாம் நாள் பாப்பம்மாளை வேலையிலிருந்து நீக்கிக் கம்பெனி காகிதம் கொடுத்தது. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? குழிக்குள் ஆள் இருக்கும்போது இரண்டாவது பிகிலை ஊதி, திரி கொளுத்த அனுமதி கொடுத்தாராம். தணிகாசலம் கையெழுத்துப் போட்டிருந்தார். ஏசுதாஸ் வாயைத் திறக்கவில்லை.

வேலை போனது ஒரு பக்கம். அந்தப் பெயர் அதைவிடப் பெரியது. ஆளை எண்ணாமல் ஊதியவள் என்று ஆகிவிட்டால் அந்த வட்டாரத்தில் எந்தக் குவாரியும் அவரைப் படியேற்றாது. பாப்பம்மாள் என்னிடம் வந்து கேட்டது ஒன்றுதான்.

"தோழரே, நான் ஊதுனது ஒண்ணு. ரெண்டுன்னு எழுதி வெச்சிகீறாங்க. அத்த ஒண்ணாக்கிக் குடு."

வழக்கு சென்னையில் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனது. மனுவை ஆங்கிலத்தில் நானே எழுதினேன். எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலம், ஆனால் அதன் மேல் எனக்குக் கர்வம் அதிகம். "பியூகிளை ஒருமுறை ஊதினார்" என்று ஒரு பத்தியில் எழுதினேன். பிகில் என்பதற்கு மூலம் அதுதானே என்று நினைப்பு. அடுத்த பத்தியில், "விசிலை இடைவிடாது ஊதிக்கொண்டு ஓடினார்" என்று எழுதினேன். ஒரே சொல் இரண்டு தடவை வந்தால் நடை கெட்டுவிடும் என்று மாற்றிப் போட்டேன். நோட்டீஸ் புத்தி. நோட்டீஸில் ஒரே முதலாளியை முதல் வரியில் சுரண்டல்காரன் என்போம், இரண்டாவது வரியில் பகல் கொள்ளையன் என்போம். இரண்டு ஆள் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். நீதிமன்றம் நினைக்கும்.

கம்பெனி வக்கீல் என் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"சங்கத்தின் மனுவே சொல்கிறது. முதலில் பியூகிள். அது ஒரு சமிக்ஞை. பிறகு விசில். அது இரண்டாவது சமிக்ஞை. எங்கள் சூப்பர்வைசர் சொல்வதும் இதைத்தான். வேறு என்ன வேண்டும்?"

கன்னியப்பன் சாட்சி சொன்னான், "ஒரு பிகிலுதான் சார்" என்று. பலராமன் என்று ஒரு பழைய ஆள், பாறையில் துளை போடுபவர். அவர் எல்லாக் குழலையும் கொம்பு என்றுதான் சொல்லுவார். "ஒரு தபாதான் கொம்பு ஊதிச்சி, அப்பால விடாம ஊதிச்சி" என்றார். வக்கீலுக்குக் கொண்டாட்டம்.

"பியூகிள், விசில், இப்போது கொம்பு. இது குவாரியா, கச்சேரியா?"

நீதிபதியும் சிரித்துவிட்டார். இரண்டு வருஷத்து வழக்கு அந்தச் சிரிப்பில் போய்விட்டது என்று நினைத்தேன். என் பக்கத்தில் பாப்பம்மாள் உட்கார்ந்திருந்தார். அவரிடம் உண்மையைச் சொன்னேன். "பாப்பம்மா, தப்பு என்னுது. ஒரே சாமானுக்கு ரெண்டு பேரு எழுதிட்டேன்." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று இருந்தேன். "சரி வுடு, நான் பாத்துக்கிறேன்" என்று எழுந்து கூண்டுக்குப் போனார்.

வக்கீல் கேட்டார். "உன்னிடம் பிகில் இருந்ததா?"

"இருந்திச்சி சார்."

"விசில் இருந்ததா?"

"அதான் பிகிலு."

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல். விசில் இருந்ததா, இல்லையா?"

"இருந்திச்சி."

"ஆக இரண்டும் இருந்தது."

பாப்பம்மாள் வக்கீலை மேலும் கீழும் பார்த்தார். "சார், கோர்ட்ல ஒங்கள வக்கீல்ன்றாங்க. வூட்ல பசங்க இன்னான்னு கூப்புடும்?"

"அது உனக்கு எதற்கு?"

"நைனான்னு கூப்புடும். அப்ப நீங்க ரெண்டு ஆளா?"

இந்தத் தடவை சிரிப்பு எங்கள் பக்கம். நீதிபதி பேனாவை எடுத்தார். பிகில் என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டார். பாப்பம்மாள் யாகப்பனையும், அவர் பல்லையும், லாரி ஏறியதையும் நாலே வரியில் சொன்னார். கம்பெனி தன் தரப்பில் அந்தப் பித்தளைப் பிகிலை ஒரு அட்டை கட்டி மேசையில் வைத்திருந்தது. நீதிபதி அதை எடுத்துப் பார்த்தார்.

"இதுதானா? ஊது, பார்க்கலாம்."

பாப்பம்மாள் கையை நீட்டவில்லை. "இத்த சும்மா ஊதக் கூடாது சார். வெளிய எங்காளுங்க கீறாங்க."

"பரவாயில்லை, ஊது."

வாங்கினார். அட்டையை ஒதுக்கினார். முதல் பிகில் ஊதினார். ஒன்றே ஒன்று, நீளமாக.

ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். எங்கள் ஆட்கள் நாற்பது பேர் வேப்பமரத்தடியில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் எழுந்தார்கள். கடலைத்தோல் மடியிலிருந்து கொட்டியது. காம்பவுண்டு சுவர் ஓரமாகப் போய், கட்டடத்தைப் பார்த்தபடி நின்றார்கள். போன பிறகுதான் எங்கே வந்தோம் என்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அப்போதும் யாரும் திரும்பி வரவில்லை.

அறைக்குள்ளும் ஒருவர் எழுந்திருந்தார். தணிகாசலம். நாற்காலியைவிட்டு வாசல்வரை போய், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கே போகிறீர்கள்?" என்றார் நீதிபதி.

"எங்கயும் போல சார்."

"பின்னே ஏன் நிற்கிறீர்கள்?"

"ரெண்டாவது வரலையே சார்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. நீதிபதி மெதுவாகக் கேட்டார். "அன்றைக்கு வந்ததா?"

தணிகாசலம் நிலையைவிட்டுக் கையை எடுக்கவில்லை. கம்பெனி சாட்சியாக வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏசுதாஸ் எழுந்தான்.

"வரல சார். வராமயேதான் கொளுத்தச் சொன்னாரு. கொளுத்துனது நான்தான். அந்தம்மா தலைய ஆட்டிச்சி. நான் பாத்தேன்."

வக்கீல் ஆட்சேபித்தார், சொல்லிக் கொடுத்து வந்தது என்றார். நீதிபதி எழுதிக்கொண்டே இருந்தார். இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பாப்பம்மாளை அதே வேலையில் திரும்ப வைக்க வேண்டும். தீர்ப்பில் ஒரு வரி உண்டு. பிகில், விசில், கொம்பு என்று சாட்சிகள் சொன்னது ஒரே கருவிதான் என்று. அந்த வரியை இன்றும் பார்க்காமல் சொல்வேன்.

பிகில் ஊதிக் காட்டிய அன்று கோர்ட்டிலிருந்து எல்லோரும் லாரியில் திரும்பினோம். என் தப்பைப் பாப்பம்மாள் லாரியில் போட்டு உடைத்திருந்தால் என் தலைமைக்கு அன்றோடு சரி. அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. இறங்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார்.

"தோழரே, இனிமே ஒரு ஜாமானுக்கு ஒரு பேரு எழுது."

அதிலிருந்து அப்படித்தான் எழுதுகிறேன். என் நோட்டீஸ்களில் அலங்காரம் குறைந்துவிட்டது என்று தோழர்கள் சொல்வார்கள். படிப்பவர்களுக்குப் புரிகிறது. இதற்கும் பாப்பம்மாளுக்குத்தான் நன்றி.

பிறகு ஒருநாள் காஞ்சிபுரம் நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். பியூகிள் என்ற சொல்லுக்கு மூலம் லத்தீனாம். காளைக்கன்று என்று அர்த்தமாம். முதலில் மாட்டுக் கொம்பில்தான் ஊதினார்களாம், மாட்டின் பெயரே குழலுக்கு வந்துவிட்டதாம். நூலகத்தில் நான் சத்தமாகச் சிரிக்க, வெளியே போகச் சொன்னார்கள். கொம்பு என்று சொன்ன பலராமன்தான் எங்கள் எல்லோரையும்விட மூலத்துக்குக் கிட்டே இருந்திருக்கிறார். போய்ச் சொன்னேன். "பின்ன? நான் அன்னிக்கே சொல்லல?" என்று துளை போடப் போய்விட்டார்.

பாப்பம்மாள் திரும்பி வேலைக்கு வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். 1975, ஆடி மாதம். சங்கத்தின் வெற்றியைப் பார்க்க நானும் போயிருந்தேன். கன்னியப்பன் கை சரியாகக் கூடாததால் மேலே உளி தீட்டும் கொட்டகைக்கு மாறியிருந்தான். குழியில் அன்று எழுபத்தொரு பேர். காலையில் அவர்கள் இறங்கியதைப் பாப்பம்மாள் எண்ணினார். பன்னிரண்டு மணிவாக்கில் நான் நோட்டும் பேனாவுமாக உள்ளே இறங்கி, கன்னியப்பன் படுத்துத் தப்பித்த பாறையைப் பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் பிகில் கேட்டது. கேட்காமல் என்ன? இந்த வரியை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். கன்னியப்பன் மூடியை எடுத்த கதைதான்.

மேலே பேச்சு காதில் விழுந்தது. ஏசுதாஸ் குரல்.

"எழுபத்தொண்ணும் வந்தாச்சேக்கா. சரியாதானே கீது. ஊது."

"இல்ல."

"இன்னா இல்ல?"

"தோழரு உள்ள கீறாரு. எறங்கறப்பவே பாத்தேன்."

எழுபத்தொரு பேரும் குழியின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரே கூச்சல். "தோழரே, நோட்ட மூடு!" "எழுதனது போதும், மேல வா!" "இவருக்குத் தனியா ஒரு நோட்டீஸ் அடிக்கணும்டா!"

நோட்டை மடித்துக்கொண்டு ஏறினேன். நாற்பத்தைந்து வயதில் அந்தச் சரிவில் மூச்சு வாங்கியது. பாப்பம்மாள் சிரிக்கவில்லை. பிகில் அவர் உதட்டருகில் தயாராக இருந்தது. நான் விளிம்பில் கால் வைத்து, அவரைத் தாண்டி, மற்றவர்களோடு போய் நிற்கும்வரை பொறுத்திருந்தார். கடைசி விரலை மடக்கினார்.

"எழுபத்திரண்டு."